அலகு அரை நாள், கம்மல் அரை வருஷம்

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பாதையில் கால் வைக்க இடம் கிடைப்பது கஷ்டம். மலாக்கா நகரத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் வந்து சேரும் இந்தத் திருவிழாவுக்கு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, அசஹான் என்று மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் திரளும். உறுமி மேளம் உச்சத்துக்குப் போகும்போது, ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளிவரும் அலகைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே முகத்தைச் சுளிக்கிற பெண்பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களில் பலருக்குக் காதின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று பொட்டுக் கம்மல்கள் வரிசையாக மின்னும். அதில் ஒன்று போன மாதம் பேரங்காடியில் காதுகுத்தும் துப்பாக்கி வைத்துக் குத்தியதாக இருக்கும். இன்னும் லேசாகச் சிவந்திருக்கும். இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால், அலகு குத்திக்கொண்டவரைவிட அந்தக் கம்மல்காரிக்குத்தான் வரும் வாரங்களில் அதிகக் கவனம் தேவை. அலகு பார்க்கப் பயங்கரம். ஆனால் மதியத்துக்குள் கழற்றிவிடுவார்கள். கம்மல் பார்க்க அழகு. ஆறாத புண்ணுக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். துளை எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்த இடத்தில் குத்தினார்கள், எதைக் கொண்டு குத்தினார்கள், குத்திய பொருள் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்ற மூன்றும்தான் ஆபத்தை முடிவு செய்கின்றன.

மலாக்காத் தமிழருக்கு உடம்பில் துளையிடுவது நேற்று வந்த நாகரிகம் இல்லை. சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூரில் பெண்ணெடுத்து, இன்று மலாய் மொழி பேசிக்கொண்டு காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் தமிழை விட்டாலும் மாரியம்மனை விடவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர். சாச்சார் என்பது அம்மை நோய். பெரியம்மை ஊரைக் காலி செய்த காலத்தில், நோய் தீண்டாமலிருக்க அலகு குத்துவதாக அம்மனுக்கு நேர்ந்துகொள்வதுதான் மக்களுக்குத் தெரிந்த காப்பு. அந்த அம்மையை 1980-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதை ஒழித்ததும் ஓர் ஊசிக்குத்துத்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

தோட்டத் தமிழர் வந்தது பிறகு. தான் சே யான் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, அடுத்து புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் போட்ட பின், மலாக்காவின் உட்பகுதியெல்லாம் ரப்பர் காடாக மாறியது. பால்வெட்ட வந்தவர்களோடு பாம்படமும் வந்தது, மூக்குத்தியும் வந்தது, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்தும் சடங்கும் வந்தது. குத்துவது ஆசாரியின் வேலை. மெல்லிய தங்கக் கம்பியை முனையில் கூராக்கி, ஒரே மூச்சில் குத்தி, அப்படியே வளைத்து முறுக்கிவிடுவார். குத்திய கம்பியே நகை. குழந்தை அலறி ஓய்வதற்குள் பாக்கு வெற்றிலை வந்துவிடும். பெரிய பெண்களுக்கு மூக்கில் குத்திய பிறகு துளை தூர்ந்துபோகாமலிருக்க வேப்பங்குச்சி செருகுவார்கள். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவார்கள்.

இந்தப் பழக்கத்தின் பின்னால் யோசனை இல்லாமலில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சுஸ்ருத சம்ஹிதையில் காதுகுத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. குழந்தையை மடியில் வைத்து, காது மடலை இழுத்துப் பிடித்து, வெயில் ஊடுருவித் தெரிகிற இடத்தில் நேராகக் குத்தச் சொல்கிறார் சுஸ்ருதர். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் ரத்தக் குழாய் குறைவு என்பது அதன் பொருள். தவறான குழாயில் குத்தினால் காய்ச்சல், வீக்கம், தாங்க முடியாத வலி வரும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எச்சரிக்கிறார். மழுங்கின ஊசி, கோணல் ஊசி, துளைக்குப் பொருந்தாத தடித்த திரி ஆகியவற்றால் காது புண்ணாகும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. மழுங்கின முனையைப் பற்றி அவர் சொன்னதை இன்றைய காதுகுத்தும் துப்பாக்கிகளை விற்பவர்கள் ஒருமுறை படித்திருக்கலாம்.

தோலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தோலின் மேலடுக்கு பல சமயம் தாளைவிட மெல்லியது. அதற்கும் கீழே இருக்கும் அடுக்கில்தான் ரத்த நாளங்கள், நரம்புகள், நார்ப்புரதங்கள் எல்லாம். மேலடுக்கு கிழிபடாமல் இருக்கும்வரை வெளியே இருக்கும் கிருமிகளுக்குக் கதவு மூடியே கிடக்கும். நம்மில் மூன்று பேரில் ஒருவரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல் அடுத்து புதுத் துளையைத் தொட்டால் அது உள்ளே போய்விடும்.

போனால் என்ன? உடம்பில் வெள்ளணுக்கள் இருக்கின்றனவே? இந்தக் கேள்விக்கு 1957-ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் செய்த சோதனை ஒரு பதிலைத் தந்தது. தாங்களாக முன்வந்தவர்களின் தோலுக்குள் அந்தக் கிருமியை எண்ணிச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ்க்கட்டி உண்டாகப் பல லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் ஒரு பட்டுத் தையல் நூலைத் தோலில் விட்டுவிட்டால், நூறு சொச்சம் கிருமிகளே சீழ் கட்டப் போதுமாக இருந்தன. அதாவது உயிரில்லாத ஓர் அந்நியப் பொருள் உள்ளே கிடந்தால் தொற்றின் வாசற்படி ஆயிரக்கணக்கான மடங்கு தாழ்ந்துவிடுகிறது. கிருமிகள் அந்தப் பொருளின் மேல் ஒட்டிப் படர்ந்து, பிசுபிசுப்பான ஒரு படலத்தைத் தம்மீது போர்த்திக்கொள்கின்றன. அதற்குள் வெள்ளணுவாலும் எளிதில் நுழைய முடியாது. மருந்தும் சரியாகச் சேராது.

அலகுக்கும் கம்மலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. அலகு சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். படலம் கட்ட அவகாசம் குறைவு. துளை இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். கன்னத்துக்கு ரத்த ஓட்டம் தாராளம். வாய்க்குள்ளே எச்சிலில் இருக்கும் சில புரதங்கள் புண்ணை ஆற்ற உதவுகின்றன. குத்தும்போது ரத்தம் கொட்டாததற்கும் காரணம் இருக்கிறது. கூரான, வழவழப்பான கம்பி தசை நார்களை அறுப்பதைவிட விலக்கிக்கொண்டே போகிறது. விலகிய நார்கள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பில் பெருகிய அட்ரினலின் தோலின் சிறு நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேல் முதுகின் தோல் உடம்பிலேயே தடிமனானவற்றில் ஒன்று. அதனால்தான் அது அந்த இழுவையைத் தாங்குகிறது.

கன்னம் ஆபத்தே இல்லாத இடம் என்று இதற்குப் பொருளில்லை. முகத்துக்குப் போகும் முக்கியத் தமனி தாடை எலும்பைத் தாண்டிக் கன்னத்தில் ஏறுகிறது. காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்கிறது. பழகிய கை இவற்றைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். ஆர்வத்தில் நண்பனுக்கு நண்பன் குத்திவிடுவதுதான் பிரச்சினை. வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேளம், விரதம், கூட்டத்தின் கோஷம் எல்லாம் சேரும்போது வலியின் வாசலை மூளையே பாதி சாத்திவிடுகிறது. 1965-ல் மெல்ஸாக், வால் இருவரும் முன்வைத்த கொள்கை, வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே தணிக்கை செய்யப்படுகிறது என்று விளக்கியது. அருள் வந்தவருக்கு வலி தெரியவில்லை என்றால் பக்தர்களுக்கு நிம்மதி. மருத்துவருக்குச் சற்றுக் கவலை. தவறான இடத்தில் கம்பி போனால் எச்சரிக்க வேண்டிய மணியும் அடங்கிக் கிடக்கிறதே.

சரி, காதின் மேல்விளிம்புக்கு வருவோம். கீழ் மடல் கொழுப்பும் தோலும். ரத்தம் நன்றாக ஓடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்விளிம்பு குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குச் சொந்த ரத்த நாளம் கிடையாது. பழைய லயத்து வீடுகளுக்கு உள்ளே குழாய் இல்லாமல் வெளியே இருந்த பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்தது போல, அது தன்னைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்தே உணவையும் ஆக்ஸிஜனையும் வாங்கிக்கொள்கிறது. அந்த உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டால் இணைப்பு அறுந்துவிடும். குருத்தெலும்பு செத்துச் சுருங்கும். காது முட்டைக்கோசு இலைபோல் மடங்கிப் போகும். பிறகு அறுவை சிகிச்சை செய்துதான் சரிசெய்ய வேண்டும். அப்படியும் பழைய வடிவம் முழுதாகத் திரும்புவதில்லை.

இதைச் செய்வதில் கெட்டிக்காரக் கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும். மிகக் கொஞ்சம் சத்தை வைத்தே காலம் தள்ளும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2000-ல் நடந்த சம்பவம் மருத்துவ இதழ்களில் பிரபலம். ஒரு சிறு நகைக் கடையில் காதுகுத்திக்கொண்ட பதின்வயதினருக்குக் காது பழுத்தது. ஆராய்ந்ததில் 7 பேருக்கு இந்தக் கிருமி உறுதியானது. இன்னும் 18 பேருக்குச் சந்தேகம். நான்கு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலருக்குக் காது உருக்குலைந்தது. கிருமி எங்கிருந்து வந்தது? காதைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய கிருமிநாசினித் தெளிப்பானிலிருந்துதான். திரும்பத் திரும்ப நிரப்பிய புட்டிக்குள்ளேயே அது வசதியாக வளர்ந்திருந்தது. இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுத்த மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாத வகை.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதற்கு மாமியார் வீடு அல்ல, தாய்வீடு. மேல்காதில் குத்திய இடம் முழுதாக ஆற மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். ஹெல்மெட் போடுகிற இளைஞருக்கும், தூடோங்கோ சால்வையோ அணிகிற தோழிக்கும், நீண்ட கூந்தல் காதில் மாட்டுகிற பெண்ணுக்கும் அது இன்னும் இழுத்துக்கொண்டு போகும். குத்தும் துப்பாக்கியைப் பற்றி மருத்துவர்கள் கடுமையாகப் பேசுவதும் குருத்தெலும்பை வைத்துத்தான். அதில் ஊசி இல்லை. சுருள்வில்லின் விசையில் கம்மலின் முனையே தோலை நசுக்கிக்கொண்டு நுழைகிறது. குருத்தெலும்பு நொறுங்கலாம். பிளாஸ்டிக் உடல் என்பதால் பல துப்பாக்கிகளை நீராவியில் கிருமி நீக்கவும் முடியாது. துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைப்பார்கள். உள்ளே வெற்றுக்குழாய் உள்ள, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால், கற்றுத் தேர்ந்தவர் குத்துவது எவ்வளவோ மேல்.

அலகில் மெய்யான அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. ரத்தத்தின் வழி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் வைரஸ்கள் அங்கே காத்திருக்கின்றன. ஒரே ஆள் வரிசையாக நாற்பது பேருக்குக் குத்துகிறார்; கை கழுவ நேரமில்லை; ஒருவருக்குக் கழற்றிய அலகைத் துணியில் துடைத்து, எலுமிச்சம்பழத்தில் செருகி எடுத்து, அடுத்தவருக்குக் குத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். தடுப்பூசி போடாதவருக்கு, நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் நாம் பயப்படுவது எச்ஐவிக்கு மட்டும்.

இதில் மலேசியாவுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். ஆகவே இன்று பக்திப் பரவசத்தோடு முதல் காவடி எடுக்கும் இருபது வயதுப் பையன் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டவன். அவனுக்கு அலகு குத்திவிடும் ஐம்பது வயது மாமா அப்படியில்லை. தோட்டத்தில் வளர்ந்து, பிரசவமும் காய்ச்சலும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரிடமே பார்த்துக்கொண்ட அந்தத் தலைமுறையில் பலர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டதே இல்லை. அலகு குத்துபவர்கள், காவடிக்குத் துணை நிற்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், மூன்று தவணை. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசியே இல்லை. ஆனால் மருந்து உண்டு. 2017-ல் மலேசிய அரசாங்கம் சொஃபோஸ்புவிர் மாத்திரைக்குக் காப்புரிமை இருந்தும் அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தைக் கையிலெடுத்து விலையைக் குறைக்க வழிசெய்தது உலகம் பேசிய விஷயம். இந்நோய் வருடக்கணக்கில் ஓசையில்லாமல் கல்லீரலைத் தின்னும் என்பதால், பழைய நாளில் பலரோடு பகிர்ந்த அலகில் குத்திக்கொண்டவர்கள் ஒருமுறை ரத்தம் பரிசோதிப்பது நல்லது.

எலுமிச்சை சாறு புளிப்பானது. சில கிருமிகளைக் கொல்லும். இந்த வைரஸ்களை ஒழிக்கவோ, கிருமிகளின் உறங்குநிலை வடிவமான விதைகளை அழிக்கவோ அதை நம்ப முடியாது. நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால் கம்பி சுத்தமாகும், உண்மை. பிறகு அதையே கையால் தடவிப் பார்த்தால் வேலை வீண். வெந்நீரில் கொதிக்க வைப்பதும் அரை வேலைதான். நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால்தான் கிருமி விதைகளும் சாகும். பல் மருத்துவமனையிலும் கிளினிக்கிலும் இதற்கென்றே இயந்திரம் இருக்கிறது. எவர்சில்வர் அலகையும் கொக்கியையும் சொந்தமாக வாங்கி, தெரிந்த கிளினிக்கில் உறையிலிட்டுக் கிருமி நீக்கித் தரச் சொன்னால் யாரும் முறைக்க மாட்டார்கள். உறையில் உள்ள பட்டை நிறம் மாறியிருந்தால் வெப்பம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்த உறையைக் குத்தும் இடத்தில், உங்கள் கண்ணெதிரில் பிரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை. இவை இரண்டும் பக்திக்குக் குறுக்கே நிற்பவை இல்லை. விரதத்துக்கு 48 நாள் ஒதுக்குகிறவருக்குக் கிருமி நீக்க அரை மணி நேரம் பாரமாகாது.

திருநீறு விஷயத்தில் சிலர் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். அலகைக் கழற்றியதும் துளையில் திருநீற்றை அமுக்குவது வழக்கம். அடுப்பிலிருந்து எடுத்த சாம்பல் சுத்தமாக இருக்கலாம். ஆயிரம் விரல் பட்ட தட்டில் உள்ளது அப்படியிருக்காது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் காற்றில்லாத ஆழமான குத்துக் காயத்தை மிகவும் விரும்பும். திருநீறு நெற்றியில் இருக்கட்டும். காயத்துக்குக் கிருமி நீக்கிய பஞ்சுத் துணி. மலேசியப் பள்ளிகளில் 15 வயதில் டெட்டனஸ் ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது பலருக்கு ஞாபகம் வருவதேயில்லை. முப்பது வயதில் காவடி எடுப்பவர் விரதம் தொடங்கும்போதே அதையும் முடித்துக்கொள்ளலாம்.

யார் அலகு குத்திக்கொள்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. மொரீஷியஸில் கத்ர் போர்ன் என்ற ஊரில் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமித்ரிஸ் ஜிகலாட்டஸ் குழுவினர் ஆராய்ந்து 2019-ல் எழுதினார்கள். காவடி எடுத்தவர்களின் உடல்நலம் அதனால் கெட்டதாகத் தெரியவில்லை. மனநலம் மேம்பட்டதாக அவர்களே சொன்னார்கள். அதே ஆய்வில் நாட்பட்ட நோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிக அலகுகள் குத்திக்கொண்டதும் தெரிந்தது. இது நமக்கு ஆச்சரியம் தராது. நோய் தீர வேண்டித்தானே நேர்த்திக்கடன். ஆனால் நம்மிடையே அந்த நோய் பெரும்பாலும் இனிப்பு நீர். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 30 சதவீதத்தைத் தாண்டியது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு வெள்ளணு மந்தமாகும், புண் ஆறத் தாமதமாகும். மண்ணிலும் சேற்றிலும் வாழ்ந்து நீரிழிவுக்காரரைக் குறிவைக்கும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் மலேசியாவில் உண்டு. வெறுங்காலில் மைல் கணக்கில் நடந்து பாதத்தில் கீறிக்கொள்வதும் அலகுக்குச் சமமான வாசல்தான். வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து சர்க்கரை இறங்கி விழுபவர்களை அருள் வந்து விழுந்ததாக எண்ணிவிடும் அபாயமும் உண்டு. இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் வேண்டுதலைப் பால்குடமாக மாற்றிக்கொண்டால் முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்.

நகைக்குத் திரும்பினால், கிருமி இல்லாமலே தொல்லை கொடுப்பது நிக்கல். மலிவான தோடுகளில் பளபளப்புக்குக் கலக்கும் உலோகம். புதுத் துளையில் கசியும் நீரில் அது கரைந்து உள்ளே போனால், உடம்பின் டி-அணுக்கள் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கின்றன. ஒருமுறை பதிந்தால் ஆயுளுக்கும் அழியாது. பிறகு இடுப்பு வார் கொக்கி, கைக்கடிகாரம் எது பட்டாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோல் தடித்து அரிக்கும். ஐரோப்பா 1994-லேயே துளைக்குள் போகும் நகையில் நிக்கலுக்குச் சட்டம் போட்டது. பழைய ஆசாரியின் கம்பி இந்த விஷயத்தில் பலே. நம் கடைகளில் 916 என்று முத்திரையிட்ட தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம். மீதியில் பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். அல்லது உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம். இரவுச் சந்தையில் மூன்று ஜோடி பத்து வெள்ளிக்குக் கிடைப்பதை, துளை முழுதாக ஆறிய பிறகு ஆசைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கீலாய்டு என்ற தழும்புக் கட்டி கருந்தோலில் அதிகம் வரும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் யோசிக்க வேண்டும். காது மடலில் துளையைவிடப் பெரிதாக வளர்ந்து கோலிக்குண்டு அளவுக்குப் போகும். வெறுமனே அறுத்தெடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பவும் முளைக்கும். ஸ்டீராய்டு ஊசியும் அழுத்தமும் சேர்த்தே மருத்துவம் செய்வார்கள். அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு, 11 வயதுக்கு முன் காதுகுத்தியவர்களுக்குப் பிந்திக் குத்தியவர்களைவிட இது குறைவு என்று காட்டியது. நம் பாட்டிமார் மொட்டை போட்ட கையோடு காதுகுத்தியதற்கு இப்படியும் ஒரு நியாயம் கிடைக்கிறது. நாக்கு வளையமும் உதட்டு வளையமும் எனக்கு உவப்பில்லை என்பதை மறைக்கவில்லை. பல் விளிம்பு உடைவதும் ஈறு தேய்வதும் அவற்றில் சாதாரணம்; நாக்கு வீங்கி மூச்சுக்குழலை அடைப்பது அபூர்வம் என்றாலும் அவசர நிலை. தொப்புள் ஆற ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கால்சட்டை உரசும் இடம் வேறு.

துளை எப்படி ஆறுகிறது என்பது தெரிந்தால் பராமரிப்புத் தானாகப் புரியும். தோல் இரண்டு வாயிலிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் சந்தித்து, துளைக்கு உட்புறமாக ஓர் உறை போடுகிறது. ஆகவே வெளியே ஆறியதாகத் தெரியும்போது நடுவில் இன்னும் பச்சைப் புண். அந்த நேரத்தில் தோட்டை மாற்றினாலோ, திருகிச் சுழற்றினாலோ, வளர்ந்த உறை கிழியும். பழைய பாட்டி, "தெனமும் ஒரு சுத்து சுத்தி விடும்மா" என்று சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு கோப்பை கொதித்து ஆறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு, அல்லது மருந்தகத்தில் விற்கும் உப்புநீர். காலை மாலை அதில் நனைத்த பஞ்சால் ஒற்றி, பொருக்கை ஊறவைத்துத் துடையுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் அணுவையும் சேர்த்துக் கொல்லும். மஞ்சளெண்ணெயும் வேப்பங்குச்சியும் வேண்டாம். குச்சி கிருமி நீக்கியதல்ல, எண்ணெய் அழுக்கை ஒட்டவைக்கும். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். ஆறும்வரை கிளேபாங் கடலும் நீச்சல் குளமும் காத்திருக்கட்டும். வெதுவெதுப்பான கடல் நீரில் புண் வழியாக நுழையும் விப்ரியோ வகைக் கிருமி, கல்லீரல் நோயோ நீரிழிவோ உள்ளவருக்கு உயிராபத்தாகலாம்.

முதல் வாரத்தில் லேசான சிவப்பு, வெளிர் மஞ்சள் நீர், காய்ந்த பொருக்கு எல்லாம் இயல்பு. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சுடுவது, பச்சை அல்லது கெட்டி மஞ்சள் சீழ், காய்ச்சல், துடிக்கும் வலி இவை இயல்பில்லை. காதின் மேற்பகுதி முழுக்க வீங்கி, கீழ் மடல் மட்டும் வழக்கம்போல் இருந்தால் அது குருத்தெலும்பு உறையில் தொற்று. அன்றைக்கே ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மலாக்கா நகரத்திலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். புண் வந்தால் உடனே திரியை எடுத்துவிடு என்கிறார் சுஸ்ருதர். இன்றைய மருத்துவர்களில் பலர் அவரோடு உடன்பட மாட்டார்கள், ஏனென்றால் நகையைக் கழற்றினால் வாய் மூடிச் சீழ் உள்ளே சிக்கிக்கொள்ளும். கழற்றுவதா வேண்டாமா என்பதை அவர்களிடமே விடுங்கள். போனதும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில. குத்தியது குருத்தெலும்பில், எத்தனை நாளாயிற்று, துப்பாக்கியா ஊசியா, சர்க்கரை உண்டா. வழக்கமாகத் தோல் புண்ணுக்கு எழுதும் மருந்து சூடோமோனாஸைத் தொடாது என்பதால், குருத்தெலும்பு என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மருத்துவர் எழுதும் மருந்தே மாறக்கூடும்.